ஒரு சிவப்புக்கு ஒரு ஷூ

பாலிஷ்காரர் அன்று காலை பெட்டியோடு வந்தபோது, அவர் தினமும் உட்காரும் இடத்தில் ஒரு குழி இருந்தது. ஏதோ எலி வளை அளவு என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பளவு ஆழத்தில் ஓர் ஆள் நின்று மண்ணை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தான். பாலிஷ்காரர் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்.

"யாரைப்பா புதைக்கப் போறீங்க?"

"ஆளை இல்லண்ணே, கம்பத்தை. விளக்குக் கம்பம் வரப் போகுது."

தெருவிளக்கு என்றுதான் அவர் நினைத்தார். நினைத்து மகிழ்ந்தும் போனார். பொழுது சாய்ந்தால் கறுப்பு எது, காப்பி நிறம் எது என்று தெரியாமல், ஒரு தடவை ஒரு வக்கீலின் ஷூவில் மையை மாற்றிப் பூசிவிட்டு அவரிடம் சட்டப்படி திட்டு வாங்கியவர் அவர். "நல்லா இருங்க, பெரிய விளக்கா போடுங்க" என்று வாழ்த்திவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

தள்ளி உட்காருவது அவருக்குப் புதிதில்லை. பதினோரு வருஷமாக அந்த நகரத்தில் அவர் செய்த வேலையில் பாதி பாலிஷ் போடுவது, மீதிப் பாதி நகர்ந்துகொள்வது. ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்தார்; மூட்டை தூக்குகிறவர்கள் "நகருய்யா" என்றார்கள். சினிமாக் கொட்டகை முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் மேல்மாடியிலிருந்தே கையைக் காட்டி நகரச் சொன்னார். நீதிமன்ற மதிலோரம் உட்கார்ந்து பார்த்தார். அங்கே விசாரணைகூட இல்லாமல் தீர்ப்பு. கடைசியில்தான் இந்த நாற்சந்தி முனை கிடைத்தது. பின்னால் ஒரு பூட்டிய கட்டடம். அதன் சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினை வழக்கில் இருந்தார்கள். பாலிஷ்காரரை அங்கே உட்கார வைத்தது தம்பிதான் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன்தான் என்று தம்பி நினைத்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் இவர் இரண்டு வருஷம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சகோதரச் சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவர் வாழ்ந்தார் என்றால் அது இவர்தான்.

அந்தத் தைரியத்தில் பின்சந்தில் ஓர் அறையும் வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரே ஜன்னல், அந்த ஜன்னலோரம் அவர் மனைவி உட்கார்ந்து, தையல்கடையிலிருந்து வரும் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வருஷம் படித்தாள். அவளுக்கு அதுவே ஒரு சாதனை. அறைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் மனைவி பாத்திரங்களைச் சாக்கிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்து, சாக்கை உதறி மடித்தபடி சொன்னாள்:

"ஏங்க, இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்கன்னா, அந்த மூட்டைக்குள்ள என்னையும் போட்டுக் கட்டி நீங்கதான் தூக்கணும்."

அவள் நல்ல கனம். பாலிஷ்காரர் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் கம்பம் நின்றது. உச்சியில் மூன்று கண்ணோடு ஒரு பெட்டி. சாலை நடுவே, வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், இரண்டாவது கம்பத்துக்காக ஒரு சிமெண்டுத் திட்டு கட்டினார்கள். ஒரு சாண் உயரம், ஒரு கட்டில் அளவு. கம்பம் மட்டும் வரவில்லை. கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். திட்டு அது பாட்டுக்குக் கிடந்தது.

விளக்கு எரிந்த முதல் மூன்று நாள் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. சிவப்பு விழுந்தால் நிற்கணும், பச்சை விழுந்தால் போகணும் என்று விளக்கிச் சொல்ல ஒரு போலீஸ்காரரைக் கம்பத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"குறுக்க ஒரு ஈ, காக்கா வரல. நான் யாருக்காக நிக்கணும்?"

"விளக்குக்காக."

"விளக்கு எங்க போகப் போகுது, அதுக்கு வழி விடறதுக்கு?"

போலீஸ்காரர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். ஒரு பெரியவர் சிவப்பைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே கடந்து போனார். நடப்பவனுக்கு விளக்கு போடவில்லையே என்பது அவர் வாதம். நடுவிலிருக்கும் மஞ்சள் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் போலீஸ்காரர், "அது விளக்கு யோசிக்கிற நேரம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், பாலிஷ்காரரைத் தவிர. விளக்கு வருவதற்கு முன்னால் அந்த நாற்சந்தியைக் கடப்பது லேசான காரியமாக இருந்ததில்லை. இடைவெளி கிடைக்கும்வரை நடைபாதை ஓரத்தில் பத்துப் பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் ஒருவர் சும்மா இருப்பானேன் என்று பெட்டிமேல் காலை வைப்பார். ஊரார் குழப்பம் இவருக்குச் சோறு. இப்போதோ விளக்கு எல்லாரையும் கும்பலாகக் கூட்டி, கும்பலாக அனுப்பியது. நின்று பேச ஆளில்லை. நான்கு நாளில் மூன்றே பேர். அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சோறு போடும்போது மனைவி அவர் கையைப் பார்த்தாள்.

"நகம் வெளுத்துப் போச்சே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலை, அலுவலக நேரம். சிவப்பு விழுந்தது. சைக்கிள்கள் வரிசையாக வந்து நடைபாதை ஓரம் ஒதுங்கின. சைக்கிள்காரன் நின்றால் என்ன செய்வான்? இறங்குவதற்குச் சோம்பல்பட்டு, இடது காலை ஓரக்கல்லில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே நிற்பான். அப்படி ஒரு கால் பாலிஷ்காரரின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நில அளவை அலுவலகத்து நெட்டைக் குமாஸ்தாவின் கால். அதில் ஒரு ஷூ. ஷூமேல் அவர் அளந்த நிலமெல்லாம் புழுதியாக ஏறியிருந்தது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தேய்த்த கை மட்டும் இருக்குமா? பாலிஷ்காரர் பிரஷை எடுத்துவிட்டார். குமாஸ்தா குனிந்து பார்த்தார்.

"என்னய்யா பண்றே?"

"தூசிங்க."

பச்சை விழுந்தது. குமாஸ்தா போய்விட்டார். ஆனால் மறுநாள் அதே மனிதர் வேண்டுமென்றே ஓரமாக வந்து, அதே காலை அதே இடத்தில் வைத்தார். "நேத்து பண்ணினதைப் பண்ணு. முழுசா பண்ணு. சீக்கிரம்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் அதைக் கவனித்தார். அடுத்த சிவப்புக்கு அவர் காலும் வந்தது.

பாலிஷ்காரரிடம் கடிகாரம் கிடையாது. கையே அவருக்குக் கடிகாரம் ஆயிற்று. தூசி தட்ட ஆறு இழுப்பு, மை தொட்டு ஒரு சுற்று, பிரஷில் இருபது, துணியில் பத்து. துணியின் பத்தாவது இழுப்பு முடியவும் பச்சை விழவும் சரியாக இருக்கும். இந்தக் கணக்குக்கு வந்துசேர அவர் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் துணி, பக்கிளில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளி வாத்தியாரின் கணுக்காலில் கொடி மாதிரி பறந்தபடி ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் அவருக்கு விளக்கைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சிவப்புக்கு ஒரு ஷூ. 'ஒத்தை ஷூக்காரர்' என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது. நகமும் பழையபடி கறுத்தது.

இதில் ஒரு வினோதம் நடந்தது. பச்சை எரிந்துகொண்டிருக்கும்போதே சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு வந்தார்கள். சிவப்பில் மாட்டிக்கொள்வதற்காக ஒரு நகரமே மெனக்கெட்டது. அதைக் கண்டுபிடித்தவர் போக்குவரத்து சார்ஜண்ட்.

சார்ஜண்டுக்கு அந்த விளக்கு உயிர். பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி அதைக் கவனித்தார். கண்ணாடியில் காக்கை எச்சம் பட்டால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு காலை, பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலிஷ்காரர் முன்னால் வந்து நின்றார்.

"ரோடு இருக்கிறது போறதுக்கு. பச்சை விழுந்த பிறகு ஒரு சைக்கிள், ஒரே ஒரு சைக்கிள் இங்க நின்னுச்சுன்னா, உன் பெட்டி ஸ்டேஷனுக்குப் போகும். நீ வேற ஊருக்குப் போவே."

"ஒண்ணுகூட நிக்காதுங்க ஐயா."

சொன்ன சொல்லை அவர் இரண்டு மாதம் காப்பாற்றினார். பத்தாவது இழுப்பில் கால் கையை விட்டுப் போய்விடும். ஒருமுறைகூடத் தவறவில்லை.

இப்போது ஒன்று கவனித்திருப்பீர்கள். நீங்கள் கவனித்திருப்பீர்கள்; ஊரில் யாரும் கவனிக்கவில்லை. படித்தவர்கள், நிலத்தை அங்குலம் அங்குலமாக அளக்கத் தெரிந்தவர்கள், இரண்டு மாதமாக இடது ஷூவுக்கு மட்டும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது காலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாளைக்கும் சைக்கிள் இடது பக்கம்தானே சாயும்?

தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நில அளவை அலுவலகத்தைப் பார்வையிட வந்தார். முப்பத்திரண்டு பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி கூச்ச சுபாவம். யார் முகத்தையும் நேரே பார்க்க மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே வரிசையை ஒட்டி நடந்தார். கடைசிவரை போனார், நின்றார், திரும்பவும் முதலிலிருந்து நடந்தார். முப்பத்திரண்டு இடது ஷூக்களில் அவர் முகமே தெரிந்தது. முப்பத்திரண்டு வலது ஷூக்கள் புதையலாகத் தோண்டி எடுத்தவை போலிருந்தன.

"உங்க ஊர்ல புழுதிக் காத்து வலது பக்கம் மட்டும்தான் அடிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அலுவலகத் தலைவர் கோபத்தோடு தம் ஆட்களைப் பார்த்தார். பிறகு ஏதோ சந்தேகம் வந்து தம் காலையே பார்த்தார். அதிகாரி போனதும்தான் வாயைத் திறந்தார். "இந்த வாரம் பூரா அவர் வருவார். எல்லாருக்கும் ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கணும்."

வீட்டில் ஒரு பழந்துணியை எடுத்து வலது ஷூவைத் துடைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பழக்கம் அப்படிப்பட்டது. மறுநாள் காலை சிவப்பு விழுந்ததும், நெட்டைக் குமாஸ்தா ஒரு காரியம் செய்தார். சைக்கிளை அப்படியே வந்த பக்கம் பார்க்கத் திருப்பி, வலது காலை ஓரக்கல்லில் ஊன்றினார்.

"எப்படி?" என்றார் பெருமையோடு.

பாலிஷ்காரர் 'வேண்டாங்க' என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கை ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்தவர்கள், அட, இது நமக்குத் தோணாமல் போச்சே என்று அவரவர் சைக்கிளைத் திருப்பினார்கள். ஆறு, ஒரு சுற்று, இருபது, பத்து. பச்சை விழுந்தது. பதினெட்டு சைக்கிள்கள் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு எதிரே ஒரு பஸ், மூன்று பார வண்டிகள், இன்னும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சைக்கிள்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்த்ததில் ஹேண்டில்பாருக்குள் ஹேண்டில்பார் மாட்டிக்கொண்டது. யார் சைக்கிள் யாருடையது என்றே தெரியவில்லை. முட்டை வியாபாரி ஒருவர், கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான்கு பச்சைகளுக்கு அசையாமல் நின்றார். விளக்கு மட்டும் தன் கடமையில் குறையில்லாமல் மாறி மாறி எரிந்தது. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆறாவது சிவப்பின்போது சார்ஜண்ட் வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காலை பத்தரை மணிக்குப் புருஷன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டிக்குப் புரியாதா? அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். சொல்லி முடித்து அவர் அலமாரியைப் பார்த்தார். அதில் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கி இருந்தன. சாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவள் கலங்கினால் சும்மா கலங்குகிற ஜாதி இல்லை. கூடவே கோபமும் வரும்.

"வலது கால்தானே பிரச்சினை? அதை எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா? ரோட்டு நடுவுல ஒரு திட்டு கட்டிப் போட்டிருக்காங்களே, அதோரமா வந்து நின்னா எந்தக் காலை ஊணணும்?"

அவர் யோசித்தார். மனதுக்குள் ஒரு சைக்கிளை ஓட்டிக் கொண்டுபோய்த் திட்டோரம் நிறுத்திப் பார்த்தார். "வலது காலை" என்றார்.

"அங்க நான் உட்கார்றேன்."

"நீயா? ரோட்டு நடுவுலயா?"

"பதினோரு வருஷம் ஓரத்துலயே உட்கார்ந்து நீங்க என்னத்தைக் கண்டீங்க?"

"உனக்கு பாலிஷ் போடத் தெரியுமா?"

"ஒரு சட்டைக்கு ஏழு காஜா எடுக்கிறவளுக்கு ஒரு ஷூ தேய்க்கத் தெரியாதா? எழுந்திருங்க."

ஸ்டேஷனில் சார்ஜண்டின் மேஜைக்குப் பக்கத்தில் பெட்டி கைதி மாதிரி இருந்தது. மனைவிதான் பேசினாள். கேட்டு முடிப்பதற்குள் சார்ஜண்டின் முகம் சிவந்தது.

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற கதையா இருக்கே. ஓரத்துல ஒருத்தன் இருந்ததுக்கே ஊர் நின்னு போச்சு. நடுவுல வேற ஒரு ஆளா?"

"ஐயா, ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்ததாலதான் வண்டியைத் திருப்பினாங்க. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா எவன் திருப்பப் போறான்?"

சார்ஜண்ட் பிரம்பால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக் காலைல ஒரு வேளை. நானே வந்து நிப்பேன். பச்சைக்கு அப்புறம் ஒரு சக்கரம் நின்னாலும், மறுநாள் நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க" என்றாள் அவள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் பாலிஷ்காரர்.

"கேட்டா நீங்க யோசிச்சிருப்பீங்க."

அன்று சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரரின் பழைய பூட்ஸை வாங்கி, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, இருவரும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பழகினார்கள். அவள் கை காஜா எடுத்த கை. அவருடைய எட்டாவது இழுப்பிலேயே முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "அவசரப்படாதே, விளக்கு உன் சௌகரியத்துக்கு மாறாது" என்றார். மகள் கட்டிலில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னாள். இருவர் துணியும் ஒரே நேரத்தில் நிற்கும்வரை அவள் விடவில்லை.

மறுநாள் சார்ஜண்ட் கம்பத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் ஓரக்கல்லருகே பாலிஷ்காரர். நடுத்திட்டில், தையல்கடை முக்காலியில், நூல்கண்டுப் பெட்டியில் மையும் பிரஷும் வைத்துக்கொண்டு அவர் மனைவி. அவள் அங்கே உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் சாலையை அவளுக்காகத்தான் போட்டார்கள் என்று தோன்றும். முதல் சிவப்புக்கு ஓரத்தில் நெட்டைக் குமாஸ்தாவின் இடது கால் வந்தது. திட்டில் அலுவலகத் தலைவரின் வலது கால், போட்டோவுக்கு நிற்பது மாதிரி வந்து நின்றது. ஆறு, ஒரு சுற்று, இருபது, பத்து. பச்சை. இரண்டு கால்களும் பறந்தன. குமாஸ்தா ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்து, அடுத்த காலைத் திட்டில் ஊன்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சுற்றினார்கள். பன்னிரண்டு சிவப்பு போயிற்று. ஒரு சக்கரம் நிற்கவில்லை. சார்ஜண்டின் மீசைகூட லேசாகத் தளர்ந்தது.

பதிமூன்றாவது சிவப்பில் பாலிஷ்காரர் பத்தாவது இழுப்பை இழுத்து முடித்தார். கால் போகவில்லை.

போச்சு, ஒரு சைக்கிள் நின்றுவிட்டது, எல்லாம் போச்சு என்று நினைத்தார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். சிவப்புதான் எரிந்தது. பயத்தில் கை வேகமாக ஓடிவிட்டதோ என்று சாலையின் நடுவே பார்த்தார். அங்கே அவள் கையும் காலியாக இருந்தது; அவளும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை தப்பலாம், இரண்டு கை ஒரே மாதிரி தப்புமா? சும்மா இருந்த துணியை இன்னொரு பத்து இழுப்பு இழுத்தார். இன்னொரு இருபது. விளக்கு அசையவில்லை.

ஜனங்களும் அசையவில்லை. சிவப்பு என்றால் நிற்கணும் என்று இரண்டரை மாதமாக அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியாயிற்று. பஸ் நின்றது, பார வண்டி நின்றது, வரிசை பாலம்வரை போயிற்று. சார்ஜண்ட் அந்த ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். பச்சைக்கு அப்புறம் ஒரு சைக்கிள் நிற்கக் கூடாது என்பதுதானே பேச்சு? சிவப்பில் ஊரே நின்றால் இவருக்கென்ன? வாயைத் திறந்தால் சார்ஜண்டிடம் அவர் விளக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொன்ன மாதிரி ஆகும். அந்தக் கோபத்தில் இருக்கிற ஒரு வேளையும் போகும். பாலிஷ்காரர் இதையெல்லாம் யோசித்தார். ஆனால் கை காலியாக இருக்கிறதே, அதை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து போனார்.

"ஐயா, விளக்கு மாட்டிக்கிச்சுங்க."

"என்னது?"

"பச்சை விழுந்திருக்கணுங்க. விழல."

"உனக்கு எப்படித் தெரியும்? கடிகாரம் வச்சிருக்கியா?"

"இல்லங்க. கை காலியாயிடுச்சு. அவளுக்கும் காலிங்க, பாருங்க."

நடுத்திட்டில் அவர் மனைவி, மை படிந்த இரண்டு கையையும் உயரத் தூக்கிக் காட்டினாள்.

சார்ஜண்ட் அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். சிவப்பு எப்போது விழுந்தது என்று அவர் பார்த்திருக்கவில்லை. ஆகவே கடிகாரம் உதவவில்லை. கம்பத்தடியிலிருந்த இரும்புப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் சுற்றாமல் நின்றிருந்தது. ஒரு குத்து விட்டுப் பார்த்தார். அதற்கு வலித்த மாதிரி தெரியவில்லை. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேரே நாற்சந்தி நடுவே போய் நின்று, கையைத் தூக்கினார். பஸ் கிளம்பியது. விளக்கு வந்தபின் இரண்டரை மாதமாக அவர் கையை யாரும் பார்க்கவில்லை. இன்று நான்கு சாலையும் பார்த்தது. மெக்கானிக் வந்து சக்கரத்தைச் சரிசெய்யும்வரை வெயிலில் நின்று அவர் அப்படிக் கை காட்டினார், அவ்வளவு அழகாக, அவ்வளவு ஆசையோடு.

விளக்கு மறுபடி மாற ஆரம்பித்தபோது பதினோரு மணி. அலுவலக நேரம் முடிந்துவிட்டது. சார்ஜண்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முனைக்கு வந்தார். பாலிஷ்காரர் பிரஷைப் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"நகர்ந்துக்கிறேங்க. ஒரு வேளைன்னு சொன்னீங்க, முடிஞ்சுதுங்களே."

"நகர்றதா?" சார்ஜண்டுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த அம்மாவும் நகரக் கூடாது. அந்த மிஷின் மறுபடி எப்ப நிக்கும்னு நான் எங்க போய்த் தெரிஞ்சுக்கிறது? கை காலியாச்சுன்னா அடுத்த நிமிஷம் எனக்கு ஆள் வரணும். இங்கேயே இரு. இது உத்தரவு."

சொல்லிவிட்டுப் பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். பாலிஷ்காரர் நின்றது நின்றபடி நின்றார். பதினோரு வருஷத்தில் எத்தனை வாய் அவரைப் பார்த்து நகரு என்று சொல்லியிருக்கும். நகராதே என்று, அதுவும் காக்கி போட்ட ஒருவர், அதுவும் உத்தரவாக. அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார், மூக்கு கறுத்தது.

உடனே அவளிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் பச்சை எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சைக்கிளும் வண்டியுமாக ஓடின. அவள் அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று முகத்தாலேயே கேட்டாள். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அந்த ஒரு பச்சை அவருக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது. சிவப்பு விழுந்ததும் ஓட்டமும் நடையுமாகத் திட்டுக்குப் போனார்.

"நகரக் கூடாதாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"சார்ஜண்டு. நம்ம ரெண்டு பேரும் நகரக் கூடாதாம். உத்தரவாம்."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, நடுச்சாலையில், பக்கத்தில் நின்ற பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி, சரி. துணி இழுக்கிற நேரம் ஆயிடுச்சு, பச்சை விழுந்துடும். போய் உங்க இடத்துல உட்காருங்க."